பேச்சிமுத்து பிரிக்காத பெட்டி

அந்த வாரத்தில் மூன்றாம் முறையாகப் பேச்சிமுத்து அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே பெனிட்டா உதிரி பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டித் தரும் கடை வைத்திருந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. பேச்சிமுத்துவுக்கு ஐம்பது நெருங்குகிறது. கோயில் கொடைத் திருவிழாக்களில் பலகுரல் நிகழ்ச்சி நடத்துகிறவர். விளையாடுவதற்கென்று வாங்கும் கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு அவளிடம் சிஷ்யராகச் சேர்ந்திருந்தார். 'குருவே' என்றுதான் கூப்பிடுவார். அவளும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

மேசைமேல் அவருடைய கம்ப்யூட்டர் பக்கக் கதவு திறந்தபடி நின்றது. எல்லாம் பூட்டியாகிவிட்டது. விளையாட்டின் படங்களைத் திரையில் ஓடவைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு உட்காரும் இடம் மட்டும் காலி.

"குருவே, ஒரு சந்தேகம்."

"அதே சந்தேகமா?"

"அதேதான். கொஞ்சம் வளந்திருக்கு."

அந்தக் கார்டு இருந்த பெட்டியை மேசையில் வைத்தார். ஒட்டியிருந்த சீல் அப்படியே இருந்தது. சீல் கிழியாத வரை ஏழு நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கார்டை விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். இன்று ஏழாம் நாள். எட்டு மணிக்கு அந்தக் கடையை அடைத்துவிடுவார்கள்.

"இதுல மெமரி எட்டு ஜிபி. பன்னெண்டு ஜிபி-யா வாங்கியிருக்கணுமோன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிடுது. தப்பு பண்ணிட்டேனோ?"

"தப்புன்னு யாரு சொன்னா?"

கேட்டதுதான் தாமதம். பேச்சிமுத்து எழுந்து நின்றார்.

முதலில் யூடியூபில் கார்டுகளை அலசும் சென்னைப் பையன் அவர் குரலில் வந்தான். மூச்சு விடாமல் பேசினான். "மக்களே, எட்டு ஜிபி-யா? தயவுசெஞ்சு தொடாதீங்க மக்களே! அடுத்த வருஷம் ஒரு கேம் வரும், உங்க கார்டு உக்காந்து அழும்!"

அடுத்து அதே யூடியூபில் பேசும் ஒரு கோயம்புத்தூர்க்காரர், நிதானமாக. "ஏனுங்க, வீட்ல வெளையாடறதுக்கு எட்டே ரொம்ப தாராளமுங்க. பன்னெண்டை வச்சுட்டு என்னங்க பண்ணப் போறீங்க?"

பிறகு கார்டு விற்றவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க, பன்னெண்டு வர மூணு வாரம் ஆகும் சார். ஸ்டாக் வந்ததும் நானே போன் போடுதேன். நம்பர் இருக்குல்லா."

கடைசியாக மைத்துனர். அவர் மூக்கால் பேசினார். "அத்தான், எதுக்கும் தீபாவளி வரைக்கும் பொறுங்க. அப்ப இதைவிடப் புதுசு வரும். வந்தா இதை எவனும் சீண்ட மாட்டான்."

பெனிட்டா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு பேரையும் மாடிக்கே கொண்டாந்துட்டீங்களே அண்ணாச்சி. சரி, இந்தக் கம்ப்யூட்டர் யாருக்கு?"

"எனக்குத்தான். எனக்கும் என் மகளுக்கும்."

மகள் மதிவதனி ஜெர்மனியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கிருந்தும் இவர் இங்கிருந்தும் ஒரே விளையாட்டுக்குள் போய், ஒரு தீவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் மரம் வெட்டுவார், அவள் சுவர் எழுப்புவாள். இவருடைய பழைய கம்ப்யூட்டர் புகைந்துபோன பிறகு தீவில் அவள் மட்டும் இருந்தாள். எட்டு ஞாயிறு ஆகிவிட்டது. நாளையும் ஞாயிறு.

"மக என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்லுவா. ஒண்ணும் சொல்லல."

"அந்த ஒண்ணும் சொல்லாததை அவ குரல்ல சொல்லுங்க, கேப்போம்."

பேச்சிமுத்துவுக்கு உற்சாகமாகிவிட்டது. பெண் குரல் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தலையைக் கொஞ்சம் சாய்த்து, போனைக் காதில் வைத்ததுபோலக் கையை வைத்துக்கொண்டார்.

"அப்பா, கூரை போட்டாச்சுப்பா. உங்க ரூம்தான் அப்படியே கிடக்கு. அவசரம் ஒண்ணும் இல்லப்பா, நல்லதாப் பாத்தே வாங்குங்க. போன வாரம் நான் உள்ள போகல. டூட்டி எல்லாம் இல்ல. ஒத்தையில போயி அங்க என்ன..."

குரல் அங்கே நின்றுவிட்டது. அவர் கையைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "குருவே, நீங்களே கிழிச்சிருங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

"அது முடியாது அண்ணாச்சி."

வாங்கியவர்தான் சீலைக் கிழிக்க வேண்டும் என்பது அவள் கடையில் வழக்கம். மதர்போர்டு பெட்டி தொடங்கி எல்லா சீலையும் அவரேதான் கிழித்திருந்தார். அப்போதெல்லாம் குழந்தைபோலப் பரபரவென்று கிழித்தார்.

பெனிட்டா ஒரு சின்னக் கத்தியை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள்.

பேச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழரை. "இப்பக் கிளம்புனாக்கூட மாத்திரலாம். பைக்குல பத்து நிமிஷம்."

"போயிட்டு வாங்க. நம்ம கடை திறந்துதான் இருக்கும்."

அவர் எழவில்லை. கத்தியையும் எடுக்கவில்லை. பெட்டிமேல் அச்சடித்திருந்த எண்களை மறுபடி ஒருமுறை படித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். பன்னெண்டு ஜிபி இதைவிட நல்லதா?"

"நல்லதுதான்."

அவர் நிமிர்ந்தார். அவள் அப்படிச் சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"அப்ப அதையே வாங்கிரலாம்லா?"

"வாங்கலாம்."

"மூணு வாரம்தானே. வந்த அன்னைக்கே பூட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்லா?"

பெனிட்டா திறந்து கிடந்த கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பார்த்து, காலியாக இருந்த இடத்தில் படிந்திருந்த தூசியை வாயால் ஊதினாள்.

"அதுவும் சீல் ஒட்டித்தான் வரும், அண்ணாச்சி."