நிபுணரின் முறை

“இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள உங்க பரிந்துரை வேணும், சீனியர். இல்லன்னா இந்த வருஷமும் நான் வெளியிலதான்.”

நின்றுகொண்டே கேட்டார் சுடலைமுத்து. அவர் சேரத் துடித்தது, மனித உரிமையிலும் ஆட்சி முறையிலும் கரைகண்ட நிபுணர்களின் வலையமைப்பில். பல நாட்டு அரசுகள் அங்கேதான் ஆலோசனை கேட்கும். கூடப் படித்தவர்களெல்லாம் உள்ளே போய்விட்டார்கள். இவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு காலத்தில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வக்கீல் ரெஜினா, பெஞ்சைக் காட்டினார்.

“உன் முறை வரட்டும்.”

பாளையங்கோட்டைக்கே தெரிந்த வழக்கம்தான். கலெக்டர் வந்தாலும் அந்த பெஞ்சில் காத்திருக்க வேண்டும். வந்தவர் பேசி முடிக்கும்வரை ரெஜினா பேனாவைத் தொடமாட்டார். “பொறவு?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவும் மாட்டார்.

சுடலைமுத்துவுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான். பேச்சியம்மாள். ரெஜினாவுக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“முந்தாநாள் காலையில சோறு வடிச்சிட்டு இருந்தேம்மா...”

“பொறவு?”

“வெறகு ஈரம். வீடு பூரா ஒரே பொகை...”

சுடலைமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். காலை ஆட்டினார். செல்போனை எடுத்தார், வைத்தார். அடுப்பு மூட்டிய கதையிலிருந்து ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சுடலைமுத்துவுக்குப் புத்தியில் குறைவில்லை. அவசரம்தான் கூடிப்போயிற்று. எழுந்தேவிட்டார்.

“மகனைப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிருக்கு, சீனியர். காரணம் சொல்லல, கோர்ட்டுல ஆஜர்படுத்தல. வாசல்லயே விசாரிச்சிட்டேன். ஆட்கொணர்வு மனு போட்டா முடிஞ்சுது. அப்படித்தானேம்மா?”

“ஐயா படிச்சவிய. சரியாத்தான் சொல்லுதாவ.”

பேச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ரெஜினா அவளிடம் சொன்னார்: “இவரு பேரு சுடலைமுத்து. பெரிய எடத்துல சேரணும். அதுக்கு என் கையெழுத்து வேணும். முடிஞ்சுது.”

சுடலைமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ன சீனியர், அவ்வளவுதானா நான்?”

“பொறவு?”

கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வேறொன்று வெளியே வந்தது.

“வேலை போயி மாசக்கணக்காச்சு. வீட்டுல சொல்லல. தெனம் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டுக் கெளம்பி வந்து, பஸ் ஸ்டாண்டுலதான் உக்காந்திருக்கேன்...”

“பொறவு?”

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. பேச்சியம்மாளின் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

“வீடு பூரா ஒரே பொகைன்னு சொன்னியளேம்மா. பொறவு?”

அவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“கதவைத் தட்டுனாவ. பொகையில மொகம் தெரியல. அவன் கூட்டாளியன்னு நெனச்சு, தூங்குத புள்ளைய நான்தான்யா எழுப்பி அனுப்புனேன்.”