மீசையில போட்ட கோடு

கேப்டன் தவசியாண்டி மீசை இருக்கே, அதுக்குத் தெனமும் விளக்கெண்ணெய் போடுவாரு. தாலி கட்டுறப்பக்கூடக் கை மீசைக்குப் போயி, மூணு முடிச்சையும் அவரு அக்காதான் போட்டா. அது கெடக்கட்டும், கபடிக்கு வாறேன்.

கடைசி ரைடு. ஒத்தப் பாயிண்டு எடுத்தா கப்பு நம்மூருக்கு. தவசியாண்டி எதிராளியத் தொட்டுட்டுத் திரும்பிட்டாரு. நடுக்கோட்டக் கையால தொட்டாக்கூடப் போதும். மனுசன் ஒரு சாண் முன்னாலயே நின்னு, கூட்டத்தப் பாத்து மீசைய முறுக்கினாரு. பின்னாலருந்து கால வாரிட்டானுங்க. கப்பு போச்சு.

எந்திரிச்சவரு, சுண்ணாம்புக்கோடு போடுற மூக்காயிமேல பாஞ்சாரு. "கோட்டத் தள்ளிப் போட்டுக் கவுத்திட்டியே! என் கை தப்பாமத் தொடுற எடத்துல கோடு போடத் தெரியுமா ஒனக்கு? தெரியலன்னா இனிமே இந்த மைதானத்துல ஒனக்கு வேல இல்ல!"

மூக்காயி கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு நிதானமாச் சொன்னா: "அதுக்கென்னய்யா, மூஞ்சியக் காட்டுங்க, மீசையிலயே போட்டுர்றேன். ஒங்க கை தப்பாமப் போற எடம் அதான?"

கோவத்துல தவசியாண்டி கை மீசைக்குப் போச்சு.

"தொட்டுட்டாருடா, பாயிண்டு!"ன்னு ஊரே கத்துச்சு.

அடுத்த வருசமும் மூக்காயிதான் கோடு போட்டா. தவசியாண்டியும் ஆட வந்தாரு. மீசைதான் வரல.