ஆவி உட்கார்ந்த இடம்

சடகோபன் செத்துப் போன பிறகும் வேலை பார்ப்பதை நிறுத்தவில்லை. நகராட்சியில் கட்டட வரைபடங்களுக்கு ஒப்புதல் கொடுத்துவந்த அதிகாரி அவர். ஏரிக்குள் எழும்பும் அடுக்குமாடிகளுக்கெல்லாம் பட்டப்பகலில், அவர் பெயரில், கணினியில் ஒப்புதல் விழுந்துகொண்டே இருந்தது. அவருடைய காலி நாற்காலிப் பக்கம் யாரும் போவதில்லை. சர்வர் அறை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். செத்தவர் தலையில் பழியைக் கட்டுவது எவ்வளவு வசதி, பாருங்கள்.

ஆணையர் கருணாமூர்த்தி கவுன்சிலர்களைத் தம் அறையில் உட்காரவைத்துவிட்டு, கணினிப் பிரிவு மூத்த ஆய்வாளர் ஜெபராணியைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். ஒப்பந்த வேலைதானே, நிற்கட்டும்.

"ஆவியை இப்பவே விரட்டும்மா. முடியலேன்னா, கோளாறு உன் சர்வர்லதான்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"விரட்டிடலாம் சார். அவர் எந்த சிஸ்டத்துல வந்து உட்கார்றாரோ, அதோட இணைப்பை மட்டும் அறுத்துடுவேன். அறுக்கட்டுமா?"

"இதுக்கு அனுமதி வேறயா? அறு." கவுன்சிலர்கள் சிரித்தார்கள்.

ஜெபராணி தன் மடிக்கணினியில் ஒரு தட்டு தட்டினாள். எல்லோரும் அறையின் கண்ணாடிச் சுவர் வழியே அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். அங்கே திரை அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஆணையரின் மேசையில் இருந்த திரையில்தான் 'இணைப்பு இல்லை' என்று வந்தது.

"என் சிஸ்டத்தை ஏன் நிறுத்தினே?"

பக்கத்திலிருந்த பெண் கவுன்சிலர் தன் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

"அசையாதீங்க சார்," என்றாள் ஜெபராணி. "இத்தனை நாளா அவர் உங்க மடியிலதான் உட்கார்ந்திருக்கார்."