ஈசானிய மூலை

இந்தக் கதை எனக்கு நேராகத் தெரிந்ததல்ல. விடுதியில் பக்கத்து அறையில் இருந்த புவியியல் மாணவர் சொன்னது. எந்த மலை என்று அவருக்கும் தெரியவில்லை.

எரிமலை ஒன்றின் அடிவாரத்தில் பெரிய நகரம். ஆற்றுக்கு அக்கரையில் பழைய மடம். அதன் குரு, அவருடைய சீடர் அம்பலவாணரைவிட வயதில் இளையவர். அம்பலவாணர் மலைச்சரிவில் மகளுக்கு வீடு கட்ட நினைத்தார். மகள் நிறைமாதம்.

"சாமி, மனை முகூர்த்தத்துக்கு நாள் குறித்துக் கொடுங்கள்."

"மலை?"

"அது செத்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. நகரத்தில் இத்தனை லட்சம் பேர் இருக்கிறார்களே, எல்லாரும் முட்டாள்களா?"

"நான் எண்ணிப் பார்த்ததில்லை" என்றார் குரு. "ஈசானிய மூலையில் குழி எடுத்தாயிற்றா?"

"நாள் குறிக்காமலா?"

"வாருங்கள், எடுப்போம்."

"இன்றைக்கு அஷ்டமி, சாமி!"

"குழியில் தானியச் செம்பு வைக்கத்தான் நாள் வேண்டும். தோண்டிப் பார்க்க வேண்டாம்."

சரிவில் மனைக்குப் போனதும் அம்பலவாணரே தோண்டினார். முழங்கால் ஆழம்வரை கறுப்பு மண். பிறகு மண்வெட்டி நறநறத்தது. சாம்பல்.

"இன்னும்" என்றார் குரு.

சாம்பலுக்குக் கீழே செங்கல் வரிசை. அதன் மூலையில் பச்சை பூத்த சிறு செம்பு. உள்ளே கரிந்த நவதானியம்.

அம்பலவாணர் முகம் மலர்ந்தது. "யாரோ குடியிருந்த மனை! நல்ல சகுனம், சாமி."

"இன்னும்."

மறுபடி சாம்பல், இம்முறை இடுப்பளவு. அதற்கும் கீழே ஒரு மண் கலயம். அதிலும் தானியம்.

அவர் குழியிலிருந்து ஏறி வந்தார்.

"இவர்களும் நாள் பார்த்துத்தான் வைத்தார்களா?"

"பார்த்திருப்பார்கள்."

"யாரிடம்?"

"இந்தப் பக்கத்தில் நாள் குறிக்க எங்கள் மடத்தை விட்டால் யார்?"

அம்பலவாணர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நம் குருமார்கள் நல்ல நாள்தானே குறித்திருப்பார்கள்?"

"அவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். தினமும் பூசையில் வரிசையாகச் சொல்கிறோம்" என்றார் குரு. "செம்பு வைத்தவர்கள் பெயர்தான் ஒன்றும் தெரியவில்லை."

அம்பலவாணர் குழியை மூடத் தொடங்கினார்.

இது நடந்ததா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் பிறகு நூலகத்தில் சரிபார்த்தேன்: பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ மலை, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் அமைதியாக இருந்த பிறகு, 1991இல் வெடித்தது.