எண்ணத் தெரியாத கார்டு

"இந்தப் பூஜ்யத்துல என்னதான் தப்பு?" என்று கேட்டார் கோதண்டபாணி.

ரிஃபாயா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். கோதண்டபாணியைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனால் அவர் எழுதும் நிரலைப் படித்துப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டியவர் இவர்தான்.

நிரல் ஒரு டிரைவர். கணினியை இயக்கும் மையமான கெர்னலுக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் நடுவே நின்று பேசுவது. வழியில் எத்தனை தகவல் பாக்கெட்டுகள் தொலைந்தன என்று கார்டைக் கேட்டுச் சொல்லும் பகுதியைக் கோதண்டபாணி எழுதியிருந்தார்.

சில கார்டுகள் அதை எண்ணி வைக்கும். சில கார்டுகளுக்கு அந்த வசதியே கிடையாது. அவற்றுக்கு அவர் பூஜ்யம் போட்டிருந்தார்.

ரிஃபாயாவிடமிருந்து நிரல் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இரண்டு முறையும் ஒரே குறிப்பு: 'இதைச் சொன்னது யார்?'

"பழைய டிரைவர்லயும் இப்படித்தான் இருக்கு. அதைப் பார்த்துத்தான் எழுதினேன்" என்றார்.

"பழைய டிரைவர் ஓடுற ஒரு ஆஸ்பத்திரியிலேருந்து புகார் வந்திருக்கு சார். போய்ப் பாத்துட்டு வர்றீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

ரிஃபாயா முகவரியை எழுதி நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அமலோற்பவம் அவரை மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனார். நோயாளிகளின் நாடித்துடிப்பு காட்டும் திரை. நன்றாக ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று உறைந்தது. சில நொடிகளில் மறுபடி ஓடியது.

"தினம் இப்படித்தான் சார். நெட்வொர்க்ல எதுவும் தொலையல, சைபர்னு காட்டுது, நான்தான் சரியாக் கையாளலன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. திங்கட்கிழமைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணும்."

கோதண்டபாணி அந்தத் திரையின் கணினி முன் உட்கார்ந்தார். ஒரு முனையிலிருந்து பத்தாயிரம் பாக்கெட் அனுப்பினார். மறுமுனைக்குப் போய் எண்ணிப் பார்த்தார்.

ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது.

டிரைவரைக் கேட்டார். தொலைந்தவை: பூஜ்யம்.

கார்டைக் கழற்றி அதன் மாடல் எண்ணைப் படித்தார். பழைய ரகம்.

"இந்தக் கார்டுக்கு எண்ணவே தெரியாதும்மா."

அமலோற்பவம் அவரை வியப்பாகப் பார்த்தார்.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே சார். சைபர்னு ஏன் சொல்லுச்சு?"

கோதண்டபாணி ஒரு காகிதம் கேட்டு வாங்கினார். தான் எண்ணிய இரண்டு எண்களையும் எழுதினார். தவறு நர்ஸுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டார். வேறு கார்டு வரும்வரை அந்தத் திரையில் வரும் நோயாளிகளை நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளும்படி டாக்டரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ரிஃபாயாவின் மேஜைக்கு வந்தார்.

"மைனஸ் ஒண்ணு போடட்டுமா?"

"தொலைஞ்சது மைனஸ் ஒண்ணா?"

"பெரிய எண் ஏதாவது? யாரும் நம்பாத மாதிரி?"

"நம்பிட்டா?"

"அப்போ என்னதான் எழுதறது?"

ரிஃபாயா நிரலில் பூஜ்யம் போடும் அந்த ஒரு வரியைத் திரையில் காட்டி, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

கோதண்டபாணி வரியை அழித்தார். கை அங்கேயே நின்றது.

"இடம் காலியா இருக்கே. கெர்னல் ஏதாவது கேக்காதா?"

"கெர்னல் அந்த இடத்துல 'இன்னும் யாரும் சொல்லல'ன்னு எழுதித்தான் சார் உங்க கையில குடுக்குது. அதுக்கு மேலதான் நீங்க பூஜ்யம் எழுதினீங்க."