தாய்மாமன் கொண்டுபோன தேன்

மூங்கில்காட்டில் சடையன் என்றொரு கரடி இருந்தான். உடம்பு முழுக்க மயிர், மனசு முழுக்கப் பாசம். சந்தேகம் மட்டும் அவனிடம் மருந்துக்கும் கிடையாது.

அவன் தங்கை சடைச்சியைச் சந்தனக்காட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. குட்டி கண் திறக்கும் நாளில், உச்சிப்பொழுதுக்குள் தாய்மாமன் வந்து, தாய் பிறந்த காட்டுத் தேனை அதன் நாக்கில் தொட்டு வைக்க வேண்டும். அதற்குச் சேனை வைப்பது என்று பெயர். கரடிகளுக்கு இதைவிடப் பெரிய சீர் இல்லை. மாமன் வராவிட்டால் மாமியாரே தன் காட்டுத் தேனை வைத்துவிடுவாள். அப்புறம் சடைச்சி ஆயுசுக்கும், "உன் பொறந்த வீட்டுலேருந்து ஒரு சொட்டுத் தேன் வந்துதா?" என்ற பேச்சைக் கேட்க வேண்டியதுதான்!

அந்த நாள் வந்தது. சடையன் காலையிலேயே பாறை மேல் ஏறினான். தேனீக்களிடம் நன்றாகக் கொட்டு வாங்கினான். பெரிய தேனடை ஒன்றைத் தேக்கிலையில் பொதிந்துகொண்டு புறப்பட்டான்.

இரண்டு காடுகளுக்கும் நடுவே ஒரு வறண்ட ஓடை. அதுதான் எல்லை. முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் போய் வந்தார்கள். ஒரு கோடையில் யார் மயிரிலோ ஒட்டி வந்த உண்ணியால் சந்தனக்காட்டு மான்களில் பாதி நோயில் விழுந்தன. அதிலிருந்து இரு காடுகளும் சேர்ந்து ஒரு கீரியாரைக் காவலுக்கு வைத்தன. விழுந்து கிடக்கும் மருத மரத்தருகே எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். எங்கே போகிறாய், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவாய், என்ன கொண்டுபோகிறாய் என்று கீரியார் கேட்பார். பொட்டலத்தைத் திறந்து பார்ப்பார். மயிரை விலக்கி உண்ணி தேடுவார். வேறொன்றும் இல்லை.

ஆனால் சடையனுக்கு இதுதான் முதல் பயணம். நீளமான வரிசையைப் பார்த்ததுமே அவன் திருதிருவென்று விழித்தான். அந்த முகத்துக்காகவே காத்திருந்தது போல வாலன் என்ற நரி பக்கத்தில் வந்தான்.

"அண்ணே! முதல் தடவையா? இலையில என்ன?"

"தேன், தம்பி. தங்கச்சி குட்டிக்குச் சேனை வைக்கணும்."

"ஐயையோ! மெதுவாப் பேசுங்க! கீரி பாத்தா அப்படியே பிடுங்கிக்கும்! எத்தனை பேர் அழுதுக்கிட்டே திரும்பிப் போனாங்க தெரியுமா?"

சடையனுக்கு வியர்த்துவிட்டது. "இப்ப நான் என்ன பண்றது?"

"நான் எதுக்கு இருக்கேன்? அந்தப் புதருக்குப் பின்னால ஒரு குறுக்குவழி இருக்கு. பொட்டலத்தை என்கிட்ட கொடுங்க. நீங்க வெறுங்கையோட வரிசையில வாங்க. அந்தக் கரை நாவல் மரத்தடியில தந்துடறேன். கீரி கேட்டா, ஒண்ணும் கொண்டுவரலைன்னு சொல்லிடுங்க!"

"உனக்கு நான் என்ன தரணும்?"

"உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சி இல்லையா அண்ணே!"

இந்த ஒரு சொல்லில் சடையன் உருகிப்போனான். பொட்டலம் கை மாறியது.

சடையனின் முறை வந்தது. கீரியார் மரத்தின் மேல் நின்றுகொண்டு கேட்டார். "எங்கே போறே?"

"சந்தனக்காட்டுக்கு. தங்கச்சி குட்டிக்குச் சேனை வைக்கப் போறேங்க."

"எப்போ திரும்புவே?"

"நாளைக்கு."

"என்ன கொண்டுபோறே?"

"ஒ... ஒண்ணுமில்லீங்க."

கீரியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சேனை வைக்கத் தாய்மாமன் வெறுங்கையோட போறானா? மூஞ்சி தேனீ கொட்டி வீங்கியிருக்கு! கையில தேன் பிசுபிசுக்குது! யார்கிட்ட கதை விடறே?"

பொய் சொல்லிப் பழகாதவனுக்கு ஒரு பொய்யே அதிகம். சடையன் குலுங்கிக் குலுங்கி அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

கீரியார் தலையில் அடித்துக்கொண்டார். "தேனைக் கொண்டுபோகக் கூடாதுன்னு யாருடா சொன்னது? திறந்து காட்டினா போதுமே! அந்தக் குறுக்குவழி எந்தக் கரைக்கும் போகாது. நரி வயித்துக்குத்தான் போகும்! ஓடு!"

சடையன் ஓடினான். தேன் வாசனைக்குக் கரடிக்கு வழி சொல்ல வேண்டுமா? புதருக்குப் பின்னால் வாலன் கண்ணை மூடிக்கொண்டு அடையை நக்கிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிக்கு வச்ச தேனைத் தின்கிறாயே, பாவி!" என்று சடையன் ஒரு உறுமல் உறுமினான். வாலன் பொட்டலத்தைப் போட்டுவிட்டுப் பிடித்தான் ஓட்டம்!

எச்சில் பட்ட தேனைக் குட்டி நாக்கில் வைக்கலாமா? நரி வாய் பட்ட பக்கத்தையெல்லாம் சடையன் பிய்த்து எறிந்தான். உள்ளங்கை அளவுதான் மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் வந்து நின்றான். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவனுக்கு முன்னால் ஒரு முள்ளம்பன்றி.

"போப்பா முன்னால!" என்றது முள்ளம்பன்றி. "நீ அழுததை நாங்க எல்லாரும் பாத்தோம். என் முள்ளை விலக்கிப் பாக்கிறதுக்குள்ள உன் தங்கச்சி குட்டி நடக்கவே ஆரம்பிச்சிடும்!" அதைக் கேட்டு மற்றவர்களும் சிரித்துக்கொண்டே விலகி வழி விட்டார்கள்.

கீரியார் மறுபடியும், "எங்கே போறே?" என்றார்.

"இப்பத்தானே கேட்டீங்க?"

"மறுபடி வந்தா மறுபடி கேட்பேன்!"

சடையன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். இலையைத் திறந்து காட்டினான். கீரியார் அவன் காதுக்குப் பின்னால் இருந்த ஓர் உண்ணியைப் பிடுங்கி எறிந்தார். "போய் வா, மாமா!" என்றார்.

சந்தனக்காட்டில் மாமியார்க் கரடி தன் தேனில் விரலைத் தோய்த்தே விட்டாள். "நிறுத்துங்க!" என்று மூச்சிரைக்க வந்து நின்றான் சடையன்.

மாமியார் இலையைப் பார்த்தாள். "பொறந்த வீட்டுச் சீர் இவ்வளவுதானா?" என்றாள். சடைச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த வருஷம் தேன் குறைவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சடையனுக்குப் பொய் அன்றைக்கே போதும் போதும் என்றாகிவிட்டது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்த வாலனா! போன வருஷம் மூங்கில்காட்டுலேருந்து நான் கொண்டுவந்த பலாப்பழத்தையும் அவன்தான் வாங்கிட்டுப் போனான்! என்னையும் அக்கான்னுதான் கூப்பிட்டான்!"

"ஓடை வெள்ளத்துல போச்சுன்னு சொன்னியே!" என்றார் மாமனார்க் கரடி.

"வறண்ட ஓடையில ஏது வெள்ளம்? அதை நம்பின நீங்களும் என்னை மாதிரிதான்!" என்று அவள் இன்னும் சிரித்தாள். சடைச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் தன் விரலைத் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, நீங்க வைங்க. மாமன் வச்சாத்தான் சேனை" என்றாள்.

சடையன் ஒரு சொட்டைத் தொட்டுக் குட்டியின் நாக்கில் வைத்தான். குட்டி தேனோடு சேர்த்து மாமன் விரலையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

எல்லையில் உள்ளதைச் சொல்லி வரிசையில் நிற்பவனுக்குக் கொஞ்சம் நேரம்தான் போகும். குறுக்குவழி காட்டுபவனை நம்புகிறவனுக்குக் கைப்பொருளே போய்விடும்.