பதினோராவது குன்றிமணி

தேன்கடைக் கரடி இரண்டு மாத ஏரிவரியைக் கட்டவில்லை. அதனால் கடை பறிபோக இருந்தது. தேன் விற்காமல் இல்லை. அறுபது குடுவை விற்றிருந்தது. விற்று வந்ததைச் செலவழித்துவிட்டது. அதுதான் தப்பு.

அந்தக் காட்டின் நடுவில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் வரிசையாகக் கடைகள். அங்கே காசு என்றால் குன்றிமணி. பத்து மணிக்கு ஒரு பொருளை விற்றால், மேலே ஒரு மணி ஏரிவரி வாங்க வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதை நாரையிடம் கட்ட வேண்டும். கரை உடையாமல் மண் போடுவது அந்த மணியில்தான். இரண்டு பௌர்ணமி கட்டாவிட்டால் கடை போய்விடும். சட்டம் அவ்வளவே. முட்டையை விட்டு நேற்று வெளியே வந்த குஞ்சுக்கும் இது புரியும்.

கரடிக்குப் புரியவில்லை.

அதன் கடை மருதமரத்தடியில் இருந்தது. தண்ணீர் குடிக்க வருகிற அத்தனை பேரும் அந்த மரத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அப்பேர்ப்பட்ட இடம். அது கிடைக்கும் வரை கரடி கரையான் புற்றைத் தோண்டிப் பிழைத்தது. மூக்கெல்லாம் மண். பெண்டாட்டியும் இரண்டு குட்டிகளும் பாதிநாள் பட்டினி. கடை வந்த பிறகுதான் ஏரிக்கரையே அதை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிட்டது.

அண்ணாச்சியின் கணக்கு எளிமையானது. ஒரு குடுவை விற்றால் மரத்தில் நகத்தால் ஒரு கோடு. வந்த பதினோரு மணியும் ஒரே சுரைக்குடுக்கைக்குள். குடுக்கை கனத்தால் சந்தோஷம். லேசானால் கோபம். கணக்கு முடிந்தது.

குடுக்கை நன்றாகவே கனத்தது. கரடி மூத்த குட்டிக்குக் காது குத்தியது. விருந்துக்கு நூற்றைம்பது மணி. கடைக்குத் தேக்கிலைக் கூரை போட்டது. அதற்கு நாற்பத்தைந்து. முதல் பௌர்ணமிக்கு நாரை வந்தபோது, “அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடுறேன், ஐயா. விசேஷ வீடு” என்றது. நாரை தலையாட்டிவிட்டுப் போனது. நாரை மறக்கிற ஜாதி அல்ல.

இரண்டாம் பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் கரடி கோடுகளை எண்ணியது. அறுபது. குடுக்கையைக் கவிழ்த்து மணிகளை எண்ணியது. இருபத்தைந்து.

மறுபடி எண்ணியது. அப்போதும் இருபத்தைந்துதான்.

பக்கத்துப் பழக்கடைக் குரங்கு மேலே கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல இறங்கி வந்தது.

“என்ன அண்ணாச்சி, முகம் வாடிக் கிடக்கு?”

“அறுபது கட்டணும். இருபத்தஞ்சுதான் இருக்கு. நாளைக்கு உச்சிவேளையில நாரை வந்து நிக்கும்.”

“நாரை எதைப் பாத்து வரி கேக்குது?”

“மரத்துக் கோட்டைப் பாத்து.”

“கோடு யாரு போட்டது?”

“நான்தான்.”

“போட்ட கைக்கு அழிக்கத் தெரியாதா?” குரங்கு ஒரு சொரசொரப்பான கல்லை எடுத்து நீட்டியது. “நாப்பது கோட்டைச் சுரண்டுங்க. இருபதுதான் வித்தேன்னு சொல்லுங்க. இருபதைக் கட்டுங்க. கையில அஞ்சு நிக்கும். இனிமே வர்றவங்ககிட்ட, சீட்டு வேணும்னா பதினொண்ணு, வேணாம்னா பத்துன்னு சொல்லிப்பாருங்க. ஒருத்தனும் சீட்டு கேக்க மாட்டான்.”

கரடிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கரையான் புற்று நினைவுக்கு வந்தது. கல்லை வாங்கிக்கொண்டது. குரங்கு தன் கடைக்குப் போய்விட்டது.

முதல் கோட்டில் கல்லை வைத்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

“அண்ணாச்சி, ஒரு குடுவை. சீட்டோட.”

மூஞ்சூறு நின்றது. தினைமாவில் தேன் பிசைந்து உருண்டை பிடித்து விற்கிற மூஞ்சூறு. உள்ளங்கையளவு உடம்பு. வந்தால் சீட்டு வாங்காமல் போகாது. புரசிலையில் இத்தனை குடுவை, இத்தனை மணி, இத்தனை வரி என்று கீறித் தர வேண்டும். கரடியும் குரங்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

“தேன் தீந்துபோச்சு. போம்மா.”

“கையில என்ன கல்லு?”

கரடிக்குப் பொய் சொல்லவும் சரியாக வராது. சொல்லிவிட்டது. நாற்பது கோட்டையும் சுரண்டப் போகிறேன் என்றது.

“சுரண்டுங்க. இருபது குடுவைதான் வித்தேன்னு சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் இருபத்தெட்டு குடுவைக்குச் சீட்டு இருக்கு. நாளைக்கு நானும் நாரைகிட்ட அதைக் காட்டணும்.”

கல் கீழே விழுந்தது.

“நீ எதுக்குக் காட்டணும்?”

“உங்ககிட்ட நான் கட்டுன வரியை என் வரியில கழிக்கணும்ல? நீங்க கட்டலைன்னா என் சீட்டு செல்லாது. இருபத்தெட்டு மணி என் தலையில விழும். உருண்டை வித்து இருபத்தெட்டு மணி சேர்க்க எனக்கு எத்தனை நாள் ஆகும் தெரியுமா?” மூஞ்சூறின் மீசை துடித்தது.

கரடிக்கும் கோபம் வந்தது. “என் தேனுக்கு நான் ஏன் வரி கட்டணும்? என் கைக்கு வந்தது என் காசு.”

“நீங்க எங்கே கட்டுனீங்க? கட்டுனது நான். பத்து மணி உங்க தேனுக்கு. பதினோராவது மணி ஏரிக்கு. போய்க் கொடுத்துடுங்கன்னு உங்க கையில கொடுத்தேன். நீங்க அதுல காது குத்திட்டீங்க.”

கரடி தன் காதைச் சொறிந்துகொண்டது.

மூஞ்சூறு மரத்தைச் சுற்றிவந்தது. “வித்த கோடு இருக்கு. வாங்குன கோடு எங்கே?”

“வாங்குனதுக்கு எவன் கோடு போடுவான்?”

“தேனீக்கள்கிட்ட எத்தனை அடை வாங்குனீங்க? என்ன விலை?”

“நாப்பது அடை. அடைக்குப் பதினொண்ணு.”

“பத்து விலை, ஒண்ணு வரி. அந்த ஒண்ணைத் தேனீக்கள் ஏரிக்குக் கட்டியாச்சு. ஒரே தேனுக்கு ஏரி ரெண்டு தடவை வாங்காது. வித்து நீங்க வாங்குன வரி அறுபது. தேனீக்கள்கிட்ட நீங்க கொடுத்த வரி நாப்பது. கழிச்சா இருபது. கட்ட வேண்டியது அவ்வளவுதான்.”

கரடி வாயைப் பிளந்தது. திருட்டுக் கணக்கிலும் இருபது. நேர்க்கணக்கிலும் இருபது. இதற்காகவா கல்லைத் தூக்கினோம் என்று அதற்கு வெட்கமாகப் போனது.

“ஆனா அடைக்கு ஒண்ணுன்னு தேனீக்கள் கொடுத்த சீட்டு வேணும். எங்கே வெச்சிருக்கீங்க?”

“அந்த இலையா? குடுவை வாயில மூடிக் கட்டிட்டேன்.”

“எந்தக் குடுவையில?”

“வித்த குடுவையில.”

மூஞ்சூறு தலையில் அடித்துக்கொண்டது. “நடங்க” என்றது.

நடந்தார்கள். முதலில் மூஞ்சூறின் வளை. அது தேன்குடுவை மூடிகளைக்கூட எறியாமல் அடுக்கி வைத்திருந்தது. அவற்றில் தேனீச் சீட்டு இருபத்திரண்டு. அடுத்து முள்ளம்பன்றி வீடு. அது இலைகளை முள்ளில் குத்தி அழகு பார்த்துக்கொண்டிருந்தது. “நல்லாயிருக்கா, அண்ணாச்சி?” என்றது. “ரொம்ப நல்லாயிருக்கு. கழட்டிக் கொடு” என்றது கரடி. அங்கே ஒன்பது. நீர்நாய் தன் குட்டிகளுக்கு விளையாடக் கொடுத்திருந்தது. குட்டிகள் கடித்த கடியில் ஓரம் எல்லாம் கிழிசல். எழுத்து மட்டும் பிழைத்திருந்தது. அங்கே ஐந்து.

கடைசியாக மான்.

“நாலு மூடியா? தின்னுட்டேனே” என்றது மான். “தேனைவிட அது ருசியா இருந்துச்சு.”

கரடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தாறு சீட்டு. அறுபதில் முப்பத்தாறு போனால் இருபத்துநாலு. குடுக்கையில் இருபத்தைந்து இருந்தது.

“பிழைச்சீங்க” என்றது மூஞ்சூறு. “இன்னொரு மான் இருந்திருந்தா கடை போயிருக்கும்.”

மாலை மங்கும் முன் இருவரும் மருதமரத்துக்குத் திரும்பினார்கள். மூஞ்சூறு ஏறி, மரப்பட்டையில் மேலிருந்து கீழாக ஒரு நீளக் கோடு இழுத்தது. ஒரு பக்கம் விற்றது. மறுபக்கம் வாங்கியது. இரண்டு பக்கத்திலும் விலை தனி, வரி தனி. கரடியை விட்டே எழுத வைத்தது. கரடி இரண்டு முறை தப்பாக எழுதியது. இரண்டு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டது.

மறுநாள் உச்சிவேளைக்கு நாரை வந்தது. ஏரிக்கரையே கூடிவிட்டது. அடுத்தவன் கடை மூடுவதைப் பார்ப்பதென்றால் யாருக்கும் வேறு வேலை இருக்காது.

நாரை கோடுகளை எண்ணியது. அலகால் புரட்டிப் புரட்டிச் சீட்டுகளைப் பார்த்தது. கிழிந்த சீட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தது.

“வாங்குன அடை நாப்பதுன்னு எழுதியிருக்கு. சீட்டு முப்பத்தாறுதான் இருக்கு. நாலு எங்கே?”

“மான் தின்னுடுச்சு, ஐயா.”

“தின்னதுக்குக் கழிவு கிடையாது. இருபத்துநாலு.”

கரடி எண்ணி வைத்தது. குடுக்கையில் ஒரே ஒரு மணி உருண்டது. நாரை தன் ஏட்டைத் திருப்பிக் கரடியின் பெயருக்கு நேரே அடையாளம் போட்டது. பிறகு பழக்கடைப் பக்கம் கழுத்தை நீட்டியது.

“குரங்கே, மருதமரத்தடி இடத்துக்குப் போன மாசமே மனு கொடுத்திருந்தே. இடம் காலியில்லை. மனுவை அடிச்சுடுறேன்.”

கூட்டம் குரங்கைப் பார்த்தது. குரங்கு கிளையைப் பார்த்தது.

கரடிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கோட்டைச் சுரண்டியிருந்தால் மூஞ்சூறின் சீட்டில் மாட்டியிருக்கும். கடை அன்றைக்கே போயிருக்கும். குரங்கு இன்று மருதமரத்தடியில் உட்கார்ந்து வாழைப்பழம் விற்றுக்கொண்டிருக்கும்.

“கல்லை எடுத்துட்டுப் போறியா?” என்று கேட்டது கரடி.

அன்று மாலையே கரடி இன்னொரு சுரைக்குடுக்கை வாங்கிவந்து பக்கத்தில் தொங்கவிட்டது. பதினோராவது மணி அதற்குள் போனது. பெண்டாட்டி கேட்டாலும் அதில் கை வைக்கவில்லை. தேனீச் சீட்டுகளை ஓலைப்பெட்டியில் அடுக்கியது. குடுவை மூட வேறு இலை பறித்தது. இனிமேல் மான் என்ன தின்றாலும் கவலையில்லை.

ஆறு மாதம் கழிந்தது. ஏரிக்கரையில் ஒரு கடைக்குக்கூட வரி பாக்கி இல்லை. எல்லா மரத்திலும் நடுக்கோடு. புதிதாகக் கடை போட வந்த கீரி ஒன்று மருதமரத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இந்தக் கணக்கை இவ்வளவு சுத்தமா எழுதினது யாரு?” என்று கேட்டது.

கரடி தலையைச் சொறிந்தது. ‘நான்தான்’ என்று சொல்ல வாயெடுத்தது. பிறகு மூஞ்சூறின் வளைப் பக்கம் கையைக் காட்டியது.

பிறருக்குக் கொடுக்கச் சொல்லி நம் கையில் தந்த பணத்தை நம் பணத்தோடு கலந்தால் லாபம் வரும்போதே கடை மூடிப்போகும். கரடியின் கடை மூடாமல் இருக்கிறதென்றால், அந்தக் கணக்கைச் சரி செய்தது மூஞ்சூறு.